பண்ணையாரின் ரத்தமும் என் தம்பியின் ரத்தமும்

காட்டில் திரிகிற ஆண்மானிடமிருந்து ரத்தம் எடுத்துவிடலாம். கட்டிய புருஷனிடமிருந்து எடுப்பதுதான் கஷ்டம். இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. என் தம்பி மனைவி எழில்மொழி இரண்டையும் செய்து பார்த்தவள். மானுக்கு ஒரு மயக்க ஊசி, கண்ணை மூட ஒரு துண்டு, அவ்வளவுதான். என் தம்பி சேரனிடம் ஒரு குழாய் ரத்தம் வாங்க அவளுக்கு நாலு வருஷம் ஆனது. அதுவும் சும்மா நடக்கவில்லை. நடவு நாளன்று நான் வரப்பில் உட்கார்ந்து மறியல் செய்ய வேண்டியிருந்தது.

எழில் முத்துப்பேட்டைப் பக்கத்துப் பெண். அவள் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுப் பெரியவர்களைப் போலவே அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். பிறகு ஒரு துண்டு நிலம் வாங்கிக் கடலை போட்டார்கள். கடலோரக் காட்டிலிருந்து புள்ளிமான்கள் வந்து அந்தக் கடலையை மேய்ந்துவிட்டுப் போகும். மானைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவள் மானையே படித்து முனைவர் பட்டம் வாங்கினாள். இப்போது ஓர் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறாள். கௌரவம் பெயரில் மட்டும் இருக்கிற வேலை அது.

அந்தக் காட்டுக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் தார்ச்சாலை. வெளியிலிருந்து புது மான் வர வழி கிடையாது. அங்கே சில வருஷங்களாகக் குட்டிகள் குறைந்துகொண்டே வந்தன. தண்ணீர் உப்பாகிவிட்டது என்றார்கள், நாய்த்தொல்லை என்றார்கள். கடைசியில் ஒரு கூட்டம் போட்டு, பெண்மான்களுக்குச் சத்து போதவில்லை என்று முடிவு கட்டினார்கள். ஆண்மான்களைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. எடுப்பானேன்? அந்த மான்கூட்டத்துக்குத் தலைவனாக ஒரு கிழட்டு ஆண்மான் இருந்தது. கொம்பு இரண்டும் ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் அதற்குப் ‘பண்ணையார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது நடந்து வந்தால் மற்ற ஆண்மான்கள் ஒதுங்கி வழிவிடும். அதைப் போய் யார் சந்தேகப்படுவது?

எழில் பெண்மான்களின் புழுக்கையைப் பொறுக்கிச் சோதித்தாள். சினையானால் அதில் தெரியுமாம். எங்கள் அம்மா ரெங்கம்மாளுக்கு இதைக் கேட்டாலே குமட்டும். “படிச்சவ பொறுக்குற பொருளைப் பாரு” என்பாள். ஆனால் அந்தப் புழுக்கைதான் விஷயத்தைச் சொன்னது. பெண்மான்களுக்குச் சினை பிடிக்கிறது, பிறகு தங்காமல் போய்விடுகிறது. சத்தில்லாத மான் என்றால் இத்தனை தடவை சினை பிடித்திருக்காது என்றாள் எழில்.

ஒருநாள் பண்ணையாரின் கொம்பில் பழைய மீன்வலை சிக்கிக்கொண்டது. அதை எடுத்துவிடக் கால்நடை மருத்துவர் ஜெக்கரியா மயக்க ஊசி போட்டார். முறையாக அனுமதி வாங்கி வைத்திருந்த எழில் அந்த நேரத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டாள். சோதித்ததில் பண்ணையாரின் குரோமோசோம்களில் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சாலையில் அடிபட்டுச் செத்த வேறு சில ஆண்மான்களிடமும் அதையே கண்டாள். அவற்றின் விந்தணுக்களில் கிட்டத்தட்டப் பாதி கணக்குத் தப்பியவை.

நான் தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்கே இது புரியவில்லை. எழில் வயலைக் காட்டித்தான் புரியவைத்தாள்.

“அண்ணி, உங்க வயலும் பக்கத்து வயலும் இருக்கு. நடுவுல உள்ள வரப்ப வெட்டி ஒண்ணாக்கிட்டீங்க. நிலம் குறையுமா?”

“எப்படிக் குறையும்? வரப்பு இருந்த இடமும் சேந்து கூடத்தான் செய்யும்.”

“அந்த மாதிரிதான். அந்த மானுக்கு ஒண்ணும் குறையல. கொம்பு, பலம், சண்டை எல்லாம் இருக்கு. புள்ளைக்குப் பாகம் பிரிக்கும்போதுதான் வம்பு. ஒரு கருவுக்குப் பங்கு அதிகமாப் போயிரும், ஒண்ணுக்குப் பங்கே வராது. பங்கு சரியா விழுந்தா குட்டி நிக்கும். இல்லன்னா தாய் வயித்துலயே போயிரும். தாய் என்ன பண்ணுவா?”

கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அதற்குள் அவளுக்கும் மூன்று முறை கரு கலைந்திருந்தது.

சேரனை நான் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அறுவடை எந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு கீழ்வேளூர் வட்டாரம் முழுக்க ஓடுகிறவன். பெண்டாட்டி டாக்டர் பட்டம் வாங்கியவள் என்று எந்திரத்தின் முகப்பிலேயே அவள் பெயரை எழுதி வைத்திருக்கிறான். குடி கிடையாது, கை ஓங்க மாட்டான். இப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குக் கோபம் அதிகம் வருகிறது. அயோக்கியனாக இருந்தால் ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம்.

முதல் கரு போனபோது கண் பட்டது என்றார்கள். இரண்டாவது போனபோது பஸ்ஸில் அலைந்தது என்றார்கள். மூன்றாவதற்கு அம்மா ஒரு காரணம் கண்டுபிடித்தாள் பாருங்கள், உலகத்தில் வேறெந்த ஊரிலும் யாருக்கும் தோன்றியிருக்காது. அது மான் சாபமாம்.

“வாயில்லா ஜீவன மயக்கிப் போட்டு ரத்தத்த உறிஞ்சுறா. அதுங்களோட வயித்தெரிச்சல் சும்மா விடுமா?” என்று தெருவெல்லாம் சொன்னாள். அரச மரத்தடியில் நாகர் சிலை வைக்கச் சொன்னாள்; எழில் வைத்தாள். ஈரத்துணியோடு சுற்றி வரச் சொன்னாள்; வந்தாள். காட்டுக்குப் போவதை நிறுத்தச் சொன்னபோதுதான் முடியாது என்றாள். அதற்குப் பேர் திமிர்.

எழில் முதலில் தன் ரத்தத்தைத்தான் சோதித்துக்கொண்டாள், திருச்சியில் மனிதர்களுக்காக உள்ள ஓர் ஆய்வகத்தில். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அப்புறம்தான் சேரனைக் கேட்டாள். கெஞ்சிக் கேட்டாள், சிரித்துக் கேட்டாள், சண்டை போட்டும் கேட்டாள்.

“எனக்கு என்ன குறை? நான் என்ன ஒன் காட்டு மானா?” என்பான். அறுவடைக் காலம் என்பான், எந்திரம் ரிப்பேர் என்பான். ஊசி என்றால் பயம் என்று ஒருதரம் சொன்னான். எந்திரத்தின் பற்சக்கரத்தில் விரல் நசுங்கித் தையல் போட்டுக்கொண்டு அன்று மதியமே வேலைக்குப் போனவன் அவன்.

இதற்கிடையில் எழிலின் ஆராய்ச்சி பத்திரிகையில் வந்தது. உடனே ஊருக்குப் பெருமை பொங்கிவிட்டது. ஊராட்சியில் பாராட்டு விழா வைத்தார்கள். பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல், ஒலிபெருக்கி, பொன்னாடை எல்லாம் அமர்க்களம். “நம்ம ஊர் மருமக” என்று தலைவர் ஆறு தடவையாவது சொல்லியிருப்பார். எழில் எளிமையாகப் பேசினாள். பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து, “அப்ப இத்தனை நாளா பெண்மானுங்க மேல பழி போட்டது தப்புங்களா?” என்று கேட்டார்.

“தப்புதாங்க. ஆண்மானையும் சோதிச்சுப் பாக்கணும்னு யாருக்கும் தோணல” என்றாள் எழில்.

மைதானமே கைதட்டியது. என் தம்பி எழுந்து நின்று தட்டினான், ஒரு கையில் போனை வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே. முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா உச்சுக்கொட்டினாள். “பாவம்டி, செய்யாத தப்புக்கு அதுங்க பழி சுமந்திருக்கு” என்றாள். பெண்மான்களுக்காக! எனக்கு அங்கேயே நாற்காலியைத் தூக்கிப் போட வேண்டும்போல இருந்தது. இத்தனை பேரில் ஒருத்தருக்குக்கூட, மேடையில் நிற்கிறவளை மலடி என்று நாம்தானே சொல்கிறோம் என்று உறைக்கவில்லை.

அந்த வாரமே அம்மா பெண் பார்க்க ஆரம்பித்தாள். எழிலை அத்துவிட்டுவிட்டுச் சேரனுக்கு வேறொருத்தியைக் கட்டிவைப்பது என்று முடிவாம். எங்களுக்கு அத்தை முறையாகிற பிரகதாம்பாள்தான் தரகு. சேரன் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழில் எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. “என்ன அனுப்புறதா இருந்தா அனுப்பட்டும் அண்ணி. ஆனா செய்யாத தப்பத் தலையில வச்சுக்கிட்டு நான் இந்த வீட்ட விட்டுப் போக மாட்டேன்” என்றாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

புரட்டாசியில் சம்பா நடவு வந்தது. எங்கள் பக்கத்தில் நடவு தொடங்கும்போது வீட்டுப் பெண் ஒருத்தி வயலின் வடகிழக்கில், சனி மூலையில், முதல் நாற்றை ஊன்ற வேண்டும். பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு பிள்ளைகள். அதனால் வருஷா வருஷம் தஞ்சாவூரிலிருந்து என்னை வரவழைப்பார்கள், ராசியான கையாம். எழில் வயலுக்குள் இறங்கக் கூடாது. அவள் கால் பட்டால் பயிர் கருகிவிடும் என்று ரோட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அன்றும் ரோட்டில்தான் நின்றாள். கட்டுக் கட்டாக நாற்று முடிகள் வயலெங்கும் வீசிக் கிடந்தன. நடவுப் பெண்கள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா குங்குமம் வைத்து முதல் முடியை நீட்டினாள். நான் வாங்கவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

“என்னடி இது?”

“சேரன் ரத்தம் குடுக்குறேன்னு சொல்லட்டும். அப்பதான் எந்திரிப்பேன்.”

“அக்கா, வெளையாடாதக்கா. ஆளுங்கள்லாம் நிக்கிறாங்க.”

“நிக்கட்டும். நம்ம தாத்தா கூலி கூட்டிக் கேட்டு இப்படித்தான் வரப்புல உக்காந்தாரு. நான் ரத்தத்துக்கு உக்காருறேன்.”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி, “நாத்து வாடுது வல்லி” என்றாள். “வாடட்டும்” என்றேன். நானில்லாமல் வேறு யாரையாவது இறக்க அம்மாவுக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சேரன் கழுத்தெல்லாம் வேர்த்து, “சரி, குடுக்குறேன்” என்றான்.

“நாத்தக் கையில புடிச்சுக்கிட்டுச் சொல்லு.”

நாற்றைப் பிடித்துக்கொண்டு சொன்ன சொல்லை எங்கள் ஊரில் யாரும் மீற மாட்டார்கள். சொன்னான். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“அவன் மட்டும் எதுக்கு? என் ரத்தத்தையும் எடுக்கச் சொல்லு. எங்கிட்ட ஒரு குறையும் இல்லன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும். எனக்குந்தான் ஒனக்கும் இவனுக்கும் நடுவுல மூணு தங்கல. ஆராய்ச்சியா பண்ணிக்கிட்டு இருந்தேன்? ஒங்கப்பாவப் பெத்தவ என்னை மாட்டுக் கொட்டாயில படுக்க வச்சா. வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன். அப்புறம் இவன் பொறக்கலையா?”

அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. மற்ற எல்லோருமாக அடுத்த வாரம் திருச்சிக்குப் போனோம். போனதோடு போனதாக நானும் கை நீட்டினேன்.

முடிவு வாங்க எழிலும் சேரனும் மட்டும் போனார்கள். சேரனின் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டியிருந்தன. அவன் உடம்புக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. கருவுக்குப் பங்கு பிரியும்போதுதான் தவறுகிறது. பிள்ளையே பிறக்காது என்றும் இல்லை. சரியான பங்கு விழுந்தால் பிறக்கும், அதற்கு வைத்திய வழியும் இருக்கிறது என்றார் அங்கிருந்த டாக்டர். எழில் அன்றைக்குத்தான் அழுதாள் என்று கேள்விப்பட்டேன். அம்மாவின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. என்னுடையதில் அதே ஒட்டு, அச்சு அசலாக. வருஷா வருஷம் குங்குமம் வைத்து வயலில் இறக்கிவிடப்பட்ட ராசிக்காரி நான்! இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே எனக்கும் ஒன்று போனது. அதை நான் ஸ்கூட்டரின் மேல் பழி போட்டு மறந்திருந்தேன்.

இதைக் கேட்டு என் தம்பி செய்த காரியம் என்ன தெரியுமா? எழிலின் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மாகிட்ட சொல்லாத. ஊருக்குத் தெரிஞ்சா நான் தலைகாட்ட முடியாது. இவ்வளவு நாள் இருந்த மாதிரியே இருந்துட்டுப் போகட்டுமே” என்றான். இருந்த மாதிரி என்றால் அவள் ரோட்டில், இவன் வரப்பில். நான் போனிலேயே கத்தினேன். அன்றே கிளம்பி வந்து ஊரைக் கூட்டுகிறேன் என்றேன். எழில் தடுத்துவிட்டாள்.

“அவரு வாயால வரட்டும் அண்ணி. நீங்க சொன்னா, நாத்தனாருக்கு நான் சொல்லிக் குடுத்ததுன்னு ஆயிரும்.”

காத்திருந்தாள். ஐப்பசி வந்தது, சம்பாவில் களையெடுப்பும் வந்தது. அவன் வாய் திறக்கவில்லை. பிரகதாம்பாள் அத்தை ஒரு பெண்ணை முடிவு செய்துகொண்டு வந்து சேர்ந்தாள். தீபாவளி விடுமுறைக்கு நான் அங்கே இருந்தேன். மதியம். சேரன் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், எழில் பரிமாறினாள். களையெடுத்த பெண்கள் கொல்லையில் உட்கார்ந்து தங்கள் தூக்குச்சட்டியைத் திறந்திருந்தார்கள்.

“பொண்ணு வீட்டுல ஒண்ணுதான் கேக்குறாங்க” என்றாள் அத்தை. “புள்ள வீட்டுப் பக்கம் குறை எதுவும் இல்லையேன்னு.”

“எங்க பக்கமா? நாங்க ரத்தமே குடுத்து வச்சிருக்கோம்” என்று அம்மா நிமிர்ந்தாள். “எழிலு, நீயே சொல்லு. என் ரத்தம் என்னாச்சு?”

எழில் சேரனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவன் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கொடுத்தாள். அப்புறம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“உங்க ரத்தத்துல ஒண்ணும் இல்ல அத்தை.”

“கேட்டீங்களா?” என்றாள் அம்மா, பிரகதாம்பாள் அத்தையைப் பார்த்து.

“என் ரத்தத்துலயும் இல்ல. உங்க புள்ளகிட்ட இருக்கு. அண்ணிகிட்டயும் அதே இருக்கு. ரெண்டு பேருக்கும் இருந்து உங்களுக்கு இல்லன்னா, மாமாகிட்டேருந்துதான் வந்திருக்கணும்.”

அம்மா சண்டைக்கு வருவாள் என்று நினைத்துப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் தயாரானேன். அவள் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அப்ப எனக்குப் போனது மூணும்?”

“உங்களால இல்ல அத்தை.”

“மாட்டுக் கொட்டாயில கெடந்தேனே. நாலு வருஷம் நாத்துல கைவைக்க விடலையே.”

பிரகதாம்பாள் அத்தை பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாள். “உக்காருங்க” என்றாள் அம்மா. அத்தை உட்கார்ந்தாள். அம்மா எழுந்து சேரனுக்கு எதிரே போய் நின்றாள்.

“ஒனக்கு இது தெரியுமாடா?”

“தெரியும்மா.”

“எப்பேருந்து?”

“திருச்சிக்குப் போயிட்டு வந்ததுலேருந்து.”

“ஒங்கப்பாவுக்குத் தெரியாது. தெரியாம சோறு தின்னாரு. நீ தெரிஞ்சே தின்னுக்கிட்டு இருக்க.”

குனிந்து தட்டை எடுத்துக்கொண்டாள். அவன் கை அந்தரத்தில் நின்றது, விரலெல்லாம் ரசச் சோறு.

“அத்தைகிட்ட சொல்லு. யாருகிட்ட இருக்குன்னு.”

சேரன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எழிலைப் பார்த்தான். அவள் அசையவில்லை, அவனுக்கு உதவி செய்யவும் இல்லை.

“எங்கிட்டதான் இருக்கு” என்றான், தரையைப் பார்த்து.

அம்மா தட்டைக் கீழே வைக்கவில்லை.

“கொல்லையில இருக்குறவங்களுக்குக் கேக்கல” என்றாள். “எந்திரிச்சுப் போயி அங்க நின்னு சொல்லு.”